பெருமாள் பிடி

"புதுச் சட்டம் வந்தாச்சுங்க. கூலியைக் குறைச்சுக் குடுத்தா ஆறு மாசம் உள்ள. இல்லேன்னா ஐநூறு ரூபா அபராதம். கோர்ட்டுக்கு மனசு வந்தா ரெண்டும்" என்றான் பெரம்பலூர் வக்கீல் குமாஸ்தா பிச்சைமுத்து, வெற்றிலையை மென்றபடி.

"நான் காசாக் குடுக்கலியே, கம்பால்ல குடுக்கிறேன்?"

"கம்பும் குறையக் கூடாதுங்க."

கடலைக் கொட்டகை முதலாளி சாமிதுரை எழுந்து செருப்பை மாட்டினார். "ஜெயில்ல சாப்பாடு எப்படி?"

"அளந்துதான் போடுவாங்களாம்."

அரியலூர் பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பதில்தான் அவர் காதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அளப்பதைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அவருடைய கடலைக் கொட்டகையில் பெண்கள் நாளெல்லாம் கடலை உடைப்பார்கள். சாயங்காலம் ஆளுக்கு ரெண்டு படி கம்பு கூலி. அந்தப் படியின் அடிப்பாகம் உள்பக்கமாக ஒடுங்கியிருக்கும். தானாக ஒடுங்கியதல்ல, சுத்தியலும் கொஞ்சம் ஒத்தாசை செய்தது.

வெள்ளிக்கிழமை லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்த அன்றே ஒடுங்கின படி கிணற்றுக்குள் போயிற்று. கடைத்தெருவில் சர்க்கார் முத்திரை குத்தின புதுப்படி வாங்கினார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வாசலில் எவன் இருமினாலும் விலங்குச் சத்தமாகவே கேட்டது. கடைசியாகப் பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "யாரும் எதுவும் பேச வேணாம். வழக்கம்போல வாங்கிட்டு, வழக்கம்போலப் போங்க."

இன்ஸ்பெக்டர் வேணுகோபால் ஒல்லியான மனிதர். மோர் கொடுத்தும் சிரிக்கவில்லை. அதிலேயே சாமிதுரைக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"கூலி போடுங்க, பாப்போம்."

சாமிதுரை அளந்தார். குறைந்துவிடக் கூடாதே என்று அள்ளி அள்ளிப் போட்டதில் படி கோபுரம் கட்டி நின்றது. அதைத் தலைதட்டக் கூட அவருக்குத் தைரியமில்லை. வரிசையில் முதலாவதாக நின்ற பாப்பாத்தி முந்தானையில் வாங்கிக்கொண்டாள். கம்பைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல ஒரு பிடி அள்ளி, மூலையில் வாய் திறந்து நின்ற சாக்கில் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

அடுத்தவளும் ஒரு பிடி போட்டாள். அதற்கடுத்தவளும்.

வேண்டாமென்று சாமிதுரை புருவத்தால் ஜாடை காட்டினார். சீக்கிரம் போடச் சொல்கிறார் என்று அவர்கள் வேகமாகப் போட்டார்கள். படியை மாற்றியவர், இந்தப் பிடியை மறந்தே போயிருந்தார். வருஷக்கணக்காக நடப்பது யாருக்குக் கண்ணில் படும்?

"அது என்ன சாக்கு?"

"பெருமாளுக்குங்க" என்றார் சாமிதுரை. "கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு. தேர்த் திருவிழாவுக்கு அன்னதானம்."

அந்தக் கம்பு கல்லங்குறிச்சிச் சாலையில் கால் வைத்ததே இல்லை. சந்தையோடு சரி.

இன்ஸ்பெக்டர் பாப்பாத்தியைப் பார்த்தார். "நீங்களாப் பிரியப்பட்டுக் குடுத்தா அது தர்மம். இவரா எடுத்துக்கிட்டா கூலியில கை வச்ச குத்தம், கேசு போட்டே ஆகணும். எதும்மா?"

சாமிதுரையின் ஆறு மாசமும் பாப்பாத்தியின் வாயில் இருந்தது. அவளோ வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஆற அமர மாற்றினாள்.

"நாங்களாத்தான் குடுக்கிறோங்க, ஐயா."

சாமிதுரைக்கு மூச்சு வந்தது.

"ஆனா பாவம், மொதலாளிக்கு எதுக்கு அலைச்சல்? இந்த வருசத்துச் சாக்கை நாங்களே தூக்கிட்டுப் போயிச் சேத்துடுறோம். சரிதானுங்களே மொதலாளி?"

"சரி" என்றது சாமிதுரையின் தலை, அவரைக் கேட்காமலே.

"போன வருசத்தது மச்சுல வச்சிருக்கிறதாச் சொன்னீங்களே. அதையும் எறக்கிடலாமுங்களா?"

போன வருஷத்தது எப்போதோ சந்தையில் போயாயிற்று; மச்சில் இருந்தது அவர் வீட்டுக்கு வாங்கிப் போட்ட கம்பு. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். தலை மறுபடியும் ஆடியது.

"அதுக்கு முந்தின வருசத்தது…"

பின்னால் நின்ற பெண்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பேச வேண்டாமென்று சொல்லியிருந்தாரே. முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, மச்சுக்குப் போகிற ஏணியை எடுத்துவரப் போனார்கள்.