மெய்க்காவலனுக்கு ஒரு திலகம்

சகோதரிகள் திலகமிடும் பாய்டீக்கா அன்று, அக்கா தங்கை இல்லாத ஆண்பிள்ளைகளுக்குக் காட்மாண்டுவில் போக்கிடம் ஒன்றுதான்: ராணிபோக்ரி குளத்தின் நடுவே இருக்கும் கோயில். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அதன் கதவு திறக்கும். நம் ஜனாதிபதி இருக்கிறாரே, நாட்டுக்கே பெரியவர், அவருக்கும் கூடப்பிறந்தவள் இல்லை. அவர் அங்கே போனால் அவருடைய தலைமை மெய்க்காவலன் கேசர் புடாதோகியும் போயாக வேண்டும். பாவம், கேசருக்கு முழுசாக ஓர் அக்கா இருந்தாள்.

அவன் இவருக்குக் காவலாகப் போன பதினோரு வருஷமாக அக்கா தில்குமாரி தட்டை அலங்கரித்து வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம். வாடாமல்லி மாலையைப் போட்டோவுக்கா போட முடியும், உயிரோடு இருக்கிறவனுக்கு? இந்த வருஷம் அவள் மகனோடு ஒரேயடியாக ஆஸ்திரேலியாவுக்குப் போகிறாள். பார்த்தாள், தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே குளத்துக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, இங்க எதுக்கு வந்த? வேலையில இருக்கேன்."

"நீ என்னைக்குடா வேலையில இல்லாம இருந்த? சாயங்காலம் ஃபிளைட். நெத்தியக் காட்டு, போயிடுறேன்."

"திலகம் வெக்கக் கண்ண மூடணும்க்கா. நான் மூடக் கூடாது."

காவல் வேலையில் பத்தொன்பது வருஷம் கண் அசராதவன் என்ற பெயர்தான் கேசருடைய சொத்து. அக்கா தட்டை அவன் காலடியில் வைத்தாள்.

ஜனாதிபதி திரும்பினார். "உக்காரு கேசர். வாசல்ல இன்னும் ரெண்டு காவலர் நிக்கிறாங்கல்ல? நான் சொல்றேன், மூடு."

உட்கார்ந்தான். எமன் தாண்டக் கூடாதென்று அக்கா அவனைச் சுற்றி எண்ணெயால் வட்டமிட்டாள். கண்ணை மூடினான். நெற்றியில் அவள் விரல் பட்டதும் அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

டப்!

பக்கத்தில் ஒருத்தி, தம்பியாக ஏற்றுக்கொண்ட ஒருவனுக்குத் திருஷ்டி கழிய, அக்ரூட் கொட்டையைப் படியில் வைத்துக் கல்லால் உடைத்தாள். வருஷாவருஷம் கேட்கிற சத்தம்தான். ஆனால் கேசர் அதைக் கண்ணைத் திறந்துகொண்டே கேட்டுப் பழகியவன். மூடிய கண்ணுக்கு அது துப்பாக்கி. பாய்ந்து விழுந்து, உடம்பால் மூடினான்.

"ஐயோ எருமை, என் இடுப்பு!"

அடியில் கிடந்தது அக்கா. ஜனாதிபதி இரண்டடி தள்ளி, மறைக்க ஆளில்லாமல் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

கூட்டம் சிரித்தது. கேசர் சிரிக்கவில்லை. எழுந்து அவர் முன்னால் போய் நின்றான். "ஐயா, நெசமான குண்டா இருந்தா நீங்க இந்நேரம்..."

"போயிருப்பேன்."

"இனி இந்த வேலைக்கு நான் ஆக மாட்டேன்."

"ஆக மாட்டேதான்" என்றார் ஜனாதிபதி. "எனக்கொரு அக்கா இருந்திருந்தா நானும் அவ மேலதான் விழுந்திருப்பேன். போ, அவங்கள ஏத்திவிட்டு வா. ராஜினாமாவ நாளைக்கு வாங்கிக்கிறேன்."

கோயிலிலிருந்து கரைக்குப் போகும் பாலத்தில் தில்குமாரி கேட்டாள். "வேலை போச்சாடா?"

"போச்சுக்கா."

"இத்தன வருஷமா நீ அவரோட ஆளுன்னுதான்டா நெனச்சிருந்தேன்" என்றவள், இடுப்பு வலியை மறந்து, அத்தனை பேர் நடுவிலும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.