இருநூற்று நாற்பதாவது வரிசை

ஏறிக்கொண்டிருக்கிறேன், காலடியில் ஏப்ரலும் மேயும் வட்டவட்டமாய் இறங்கிப்போகின்றன, ஒரு மணி நேர மின்சாரத்துக்கு ஒரு கல், ஓடிய அளவுக்குத் தக்க பருமனில், ஒரு நாளுக்கு இருபத்துநான்கு கல் கொண்ட ஒரு வரிசை, கடலோரத்துத் துணைமின்நிலையம் ஒன்றின், ஏப்ரலில் தொடங்கும் ஓராண்டுப் பதிவை வைத்துக் கணினியில் நான் எழுப்பிய கோபுரம் இது, பூமியில் எங்கும் கட்டப்படாதது, கோடையில் ஊரின் மின்விசிறிகளெல்லாம் சுழன்றதால் வயிறு புடைத்து, ஐப்பசி மழையில் இடை ஒடுங்கி நிற்கிறது, இருநூற்று நாற்பதாவது வரிசையில் புயல் அடித்தது, அங்கிருந்து இருபத்தாறு நாளும் பதிவில் சுழியம், சுழியத்துக்குக் கல் கிடையாது, கல் இல்லாமல் மேலே இருக்கும் நூறு வரிசை எதன்மேல் நிற்கும், முந்தைய ஆண்டின் அதே நாட்களை எடுத்து அந்த இடத்தில் அடுக்கினேன், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்ட வேலை.

கண்காட்சியில் சுவர் உயரத்துக்கு அதன் படம் தொங்குகிறது, அந்த நிலையத்து லைன்மேன் வைரக்கண்ணு சலவைச் சட்டையில் வந்திருக்கிறார், கூடவே மனைவி தனபாக்கியம், நம்ம வீட்டு மிக்ஸி எந்தக் கல்லுல இருக்குன்னு கேளுங்க என்கிறாள், ஒன் மிக்ஸி போடுற சத்தத்துக்குக் கோபுரமே இடிஞ்சிருக்கும், பேசாம வா என்கிறார் அவர், பிறகு என்னிடம், புயல் எங்க சார் இருக்கு, நான் கை காட்டினேன், வெகுநேரம் பார்த்தார், கல்லு இருக்கே சார், இருவத்தாறு நாளு எங்க ஊர்ல கரண்டே இல்ல, கம்பத்து மேலயேதான் கெடந்தோம், பத்தொம்பதாம் நாளு அமிர்தலிங்கம் ஏறுனான், என்கூட வேல பாத்தவன், எவன் வீட்டு ஜெனரேட்டர் கரண்டோ, செத்த லைன்ல ரிட்டன் வந்துருச்சு, இடுப்பு பெல்ட்டுலயே தொங்கிட்டான்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம் போதும், பக்கத்தில் பத்திரிகைக்காரர்கள் நின்றிருந்தார்கள், ஆபீஸ்ல குடுத்த கணக்கு அப்படித்தாங்க இருந்துச்சு என்றது என் வாய், அவர் என்னைப் பார்க்காமல் படத்தையே பார்த்தபடி, ராத்திரி எறங்கி வந்து லாக் புக்கு நாந்தான் சார் எழுதுனேன், ஒவ்வொரு மணிக்கும் முட்ட போட்டேன், அமிர்து போன மணிக்கும் போட்டேன் என்றார், குரலில் கோபமில்லை, இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருப்பேன், கட்டாத கட்டடந்தானே சார், மேல உள்ளத அந்தரத்துல தொங்கவிட்டிருக்கலாமே, தனபாக்கியம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தாள், வாங்க, பஸ்ஸு போயிரும்.

மறுநாளே படத்தை இறக்கியிருக்க வேண்டும், இறக்கவில்லை, அது வேறு ஊர்களுக்கும் போனது, பாராட்டினார்கள், தலையசைத்தேன், கண்ணை மூடினால் ஏறிக்கொண்டிருக்கிறேன், வயிறு கடந்து, இடை கடந்து, நான் அடுக்கிய பொய்க்கற்கள் வருகின்றன, வழவழப்பாக, நடக்கத் தோதாக, பதினெட்டு வரிசை ஏறிப் பத்தொன்பதாவதில் கால் வைக்கிறேன், அங்கே வைரக்கண்ணு உட்கார்ந்திருக்கிறார், அதே சலவைச் சட்டை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார் என்கிறார் மரியாதையாக, அமிர்து இங்கதான் இருக்கான், தள்ளி நிற்க இடம் தேடுகிறேன், எல்லா இடத்திலும் கல் வைத்திருக்கிறேன்.