லுப்னாவுக்குப் பதிலாக விளையாடிய மகா

1

இந்தக் கதை கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரு சாயாக்கடைக் காலண்டரிலிருந்து எனக்குக் கிடைத்தது. ஏதோ குழுக்கடன் கம்பெனி அச்சடித்தது. ஒரு சிறுமி கயிறு தாண்டிச் சிரிக்கிறாள். கீழே ‘குழந்தையின் சிரிப்பே எங்கள் லாபம்’. படித்ததும் புரையேறிவிட்டது. மற்றதெல்லாம் என் கற்பனை.

2

விடிவதற்கு முன்பே மகாவின் பிஞ்சுக் கைகள் மாவுப் பாக்கெட்டுகளை...

(வேண்டாம். ‘பிஞ்சுக் கைகள்’ என்றதுமே நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவீர்கள்.)

3

பேச்சியம்மாள் கடன் வாங்கிப் பெரிய கிரைண்டர் போட்டாள். இட்லி மாவு வியாபாரம் பெருகியது. பாக்கெட் கட்டுவதிலேயே மகள் மகாவின் சாயங்காலங்கள் போயின. அடுத்த கடனுக்குக் கம்பெனி புது நிபந்தனை வைத்தது: வீட்டுப் பிள்ளை விளையாடுகிற புகைப்படம் வேண்டும்.

வசூலுக்கு வந்த ஆனந்தகுமார் கைப்பேசியைத் தூக்கினான். “சேச்சி, குட்டி களிக்கணும். மாவோட நின்னா மேலாபீஸ்ல எடுக்காது.”

“களிப்பா சார். ஏட்டி மகா, மாவ வச்சிட்டு வந்து சட்டுனு களி!”

மகா களித்தாள், அதாவது மலையாளத்தில் விளையாடினாள். படம் பிரமாதம். அடுத்த வீடு லதீஃபாவுடையது, பழம்பொரிக் கடை. அவளுக்கும் கடனுக்குப் படம் வேண்டும்; மகள் லுப்னாவுக்கோ கடையில் கை ஓயவில்லை.

“பேச்சிக்கா, லுப்னாவ விட்டா கடை நின்னுபோகும். உங்க மகாவ ஒருக்கா தாங்க.”

முக்காடு போட்டதும் மகா லுப்னாவானாள். நிஜ லுப்னா, தான் விளையாடுவதைக் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

அப்புறம் கடன் குழுவில் எல்லா வீட்டுக்கும் மகா வேண்டியிருந்தது. பேச்சியம்மாள் ரேட் வைத்தாள். மாவைவிட விளையாட்டில் வருமானம் அதிகம்.*

*மேலாபீஸ் அறிக்கை: இப்பகுதிக் குழந்தைகள் அனைவரும் ஒரே அளவு மகிழ்ச்சியாக உள்ளனர்.

மகாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: லுப்னாவோடு சந்தில் சும்மா ஓட வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைக்கவே இல்லை. நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

4

முடிவு ஒன்று: குட்டு உடைகிறது, கடன் நிற்கிறது. (பேச்சியம்மாளை நான் தெருவில் நிறுத்த மாட்டேன்.)

முடிவு இரண்டு: மகா கயிற்றைக் காயலில் வீசுகிறாள். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. பாதி வாக்கியத்தில் மகா நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், சிரிச்சுக்கிட்டே வீசணுமா, அழுதுக்கிட்டா?”

பேனாவை வைத்துவிட்டேன். மகாவை வாடகைக்கு எடுத்தவர்களில் நானும் ஒருவன். வெட்கமாகப் போய்விட்டது.

“ஒண்ணும் வீச வேண்டாம். மாவு நான் கட்டுறேன், பழம்பொரியும் நானே எடுத்துக் குடுக்கிறேன். லுப்னாவக் கூட்டிட்டுப் போய் விளையாடு.”

இரண்டு பேரும் சந்துவரை ஓடி, அங்கேயே நின்றுவிட்டார்கள்.

“என்னம்மா?”

மகா, இதைப் படிக்கிற உங்கள் பக்கம் கையைக் காட்டினாள்.

“அவங்க இன்னும் பாத்துக்கிட்டே இருக்காங்களே, சார்.”