சேவுகப்பெருமாள் முழு விலைக்கு வாங்கிய சாமான்

காரைக்குடியில் கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் ஜோசியரிடம் நாள் குறிக்கும் முன்பே, சேவுகப்பெருமாளுக்கு என்றைக்கு ஒழியும் என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள். அவர் கூட வந்தால் பட்டில் ஆயிரம் குறையும், பாத்திரத்தில் ஐந்நூறு குறையும். செக்காலை ரோட்டில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். தன் கடையில் ‘ஒரே விலை’ என்று பலகை மாட்டியிருக்கிறார். அடுத்தவன் கடையில் அதே பலகையைப் பார்த்தால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அவர் தொழில்முறை எளிதானது. விலையைக் கேட்பார். பாதியைச் சொல்வார். கடைக்காரன் “கொள்முதலே வராதுண்ணே” என்று நெஞ்சில் கை வைப்பான். இவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நடப்பார். வேகமாக நடந்தால் கோபித்துக்கொண்டான் என்று விட்டுவிடுவார்கள். ரொம்ப மெதுவாக நடந்தால் பாசாங்கு தெரிந்துவிடும். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வருகிற நடை. ஐந்தாவது அடிக்கும் பத்தாவது அடிக்கும் நடுவில் “அண்ணே, வாங்கண்ணே, பேசிக்கிருவோம்” என்று பின்னாலிருந்து குரல் வரும். குரல் வராத கடையை அவர் இதுவரை பார்த்ததில்லை.

அவர் வாங்கியதிலேயே நல்ல சாமான் எது, மோசமான சாமான் எது என்று கேட்டால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சாமானைத்தான் சொல்வார்கள். நெற்குப்பை ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது விறகு விலைக்குப் பிடித்த கட்டில் அது. பர்மா தேக்கு, நாலு பக்கமும் ஆள் உயரக் கால்கள். அறைக்குள் கோத்து நிறுத்திய பிறகுதான் அறைக்கதவு பாதிக்கு மேல் திறக்காது என்று தெரிந்தது. பத்து வருஷமாக அவர் பெண்டாட்டி அனுசுயா அந்த அறைக்குள் ஒருக்களித்துத்தான் போய் வருகிறாள். அது போக, மூலையில் நசுங்கியிருந்ததற்காக நாலாயிரம் தள்ளி வாங்கிய ஃபிரிட்ஜ் ஒன்று. அதன் கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஒரு துண்டைப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள்.

அந்த அனுசுயாதான் புதன்கிழமை காலையில் அடுப்படியில் தோசைக் கரண்டியோடு சரிந்து விழுந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை தலை சுற்றுகிறது என்று சொன்னாள். பித்தமாக இருக்கும் என்று இவர் எலுமிச்சம்பழம் வாங்கிப் போட்டார், அதையும் டஜனாகக் கேட்டு இரண்டு கூடுதலாக.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு நீளக் காகிதத்தைக் காட்டி, இதயம் துடிக்கச் சொல்லும் கம்பி அறுந்த மாதிரி என்றார். நாடி முப்பத்தாறு. இப்போதைக்குக் கழுத்து வழியாக ஒரு வயர் விட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம், இன்றைக்கே பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும், அதுவரை அவர்களைப் பதட்டப்பட விடாதீர்கள் என்றார். “மத்ததைக் கீழே ஆபீஸ்ல கீர்த்தி சொல்லுவாங்க.”

கீர்த்திக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். மேஜையில் ஒரு ஃபைல், ஒரு கம்ப்யூட்டர்.

“இதுல ரெண்டு வகை சார். ஒரு வயர் உள்ளது, ரெண்டு வயர் உள்ளது. அம்மாவுக்கு ரெண்டு வயர்தான் சரின்னு டாக்டர் எழுதியிருக்காரு. பேட்டரி பத்து வருஷம் வரைக்கும் வரும். எல்லாம் சேர்த்து ரெண்டே முக்கால் லட்சம்.”

சேவுகப்பெருமாளின் வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

“ஒன்றரை போட்டுக்கம்மா.”

“சார், இது ஃபிக்ஸட்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. டிஸ்ப்ளேக்கு வச்ச பீஸ் ஏதும் இருக்கா?”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “சார், இது நெஞ்சுக்குள்ள வைக்கிறது.”

“தெரியும்மா. சும்மா கேட்டு வச்சேன். பத்து வருஷத்துக்கு இந்த விலைன்னா வருஷத்துக்கு எம்புட்டு ஆகுது...” என்று ஆரம்பித்தவர், எதைக் கூறு போட்டு விலை பேசுகிறோம் என்று உறைத்ததும் நிறுத்திக்கொண்டார். நிறுத்திய இடத்தில் அடுத்து என்ன செய்வது என்று உடம்புக்கு ஒன்றுதான் தெரியும். எழுந்தார். நடந்தார்.

ஐந்தாவது அடியில் கதவு. எட்டாவது அடியில் வராந்தா. பத்தில் தண்ணீர் மெஷின். பதினைந்தில் மருந்துக்கடை ஜன்னல். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ஊருக்கே அவர் சொல்லிக் கொடுத்த பாடம். முப்பது அடி போல நடந்து லிஃப்ட் பக்கம் நின்றார். பின்னாலிருந்து குரல் வந்தது உண்மைதான். “அடுத்தவங்க வாங்க” என்றது.

அங்கேயே நின்றார். இப்போது கூப்பிடுவார்கள், இப்போது கூப்பிடுவார்கள் என்று ஒரு கால் மணி நேரம்.

அனுசுயாவின் தம்பி பூமிநாதன் ஃபிளாஸ்க்கோடு படியேறி வந்தான்.

“என்ன மச்சான், பணம் கட்டியாச்சா?”

“பேசிக்கிட்டிருக்கேன் மாப்ளே.”

“யார்கிட்ட?” பூமிநாதன் சுற்றுமுற்றும் பார்த்தான். லிஃப்டைத் தவிர ஒருத்தரும் இல்லை. “மச்சான், அக்கா மேல கிடக்குது. நீங்க இங்குட்டு நின்னு யாரைப் படிய வைக்கிறீக?”

சேவுகப்பெருமாளுக்கு அப்போதுதான் புரிந்தது. பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம் என்ற ஒரே தைரியத்தில்தான் நாற்பது வருஷமாக நடந்திருக்கிறார். இந்தச் சாமானை வாங்காமல் போவதற்கு இடமே இல்லை. விற்கிறவளுக்கும் அது தெரியும். தெரியாதது போல நடித்தது அவர் ஒருத்தர்தான்.

ஓடினார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது யாரோ ஒருவர் தன் தாயாரின் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் பேசி முடிக்கும் வரை இவர் கதவோரம் நின்றார். பிறகு கார்டைக் கொடுத்தார், சொன்ன விலைக்கு. மெஷின் சீட்டைத் துப்பியது.

“மதுரையிலேர்ந்து கம்பெனி ஆள் பெட்டியோட கிளம்பணும் சார்” என்றாள் கீர்த்தி. குத்திக்காட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். “நீங்க அப்பவே ஓகே சொல்லியிருந்தா இந்நேரம் மேலூர் வந்திருப்பாரு.”

ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் மேலே ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். அனுசுயாவின் கழுத்தில் பிளாஸ்திரி. தலைமாட்டுப் பெட்டியில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தாலும் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

“என்னமோ வைக்கப் போறாகளாமே. பெருசா?”

“சேச்சே. தீப்பெட்டியாட்டம் இருக்கும்.”

“எம்புட்டுக்கு முடிச்சீக?”

பதட்டப்பட விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னது காதில் நின்றது. பேரம் பேசவில்லை என்று சொன்னால் போச்சு, அவ்வளவு ஆபத்தா என்று பயந்துவிடுவாள். எப்போதும் போலச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தார்.

“ரெண்டே முக்கால் சொன்னாக. விடுவேனா? எந்திரிச்சு நடந்தேன். பின்னாலேயே ஓடியாந்தாக. ரெண்டுக்கு முடிச்சேன்.”

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகம் சுருங்கிப் போனது.

“அப்ப எனக்கு வேணாம்.”

“என்னடி?”

“எழுபத்தஞ்சாயிரம் தள்ளிக் குடுக்கான்னா அது என்ன சாமானா இருக்கும்? எங்கயாச்சும் நசுங்கியிருக்கும். இல்லாட்டி எவனுக்கோ வச்சுக் கழட்டினது. வீட்டுல ஒண்ணு வாய் மூடாமக் கிடக்குறது பத்தாதா, நெஞ்சையும் துண்டு போட்டுக் கட்டிக்கிட்டு அலையணுமா நானு?”

“புதுசுதான் அனு. பெட்டியே பிரிக்கல.”

“கட்டிலுக்கும் இதேதான் சொன்னீக. ராசாத்தி மாதிரி படுத்துக்கன்னு.”

நர்ஸ் ஒரு படிவத்தை அட்டையில் வைத்துக் கொண்டுவந்தாள். “அம்மா, இதுல ஒரு கையெழுத்து.”

“நான் போட மாட்டேன்” என்று அனுசுயா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தலைமாட்டுப் பெட்டி ‘டிங் டிங்’ என்று சத்தம் போட்டது. நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“அனு, குறைக்கலடி” என்றார் அவசரமாக. “சும்மா சொன்னேன். சொன்ன விலைக்கே வாங்கினேன்.”

“யாரு, நீங்களா?”

“சத்தியமா.”

“அந்தச் சத்தியத்தை எத்தனை கடையில கேட்டிருக்கேன்.”

சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். மேலிருந்து கீழே, பிறகு கீழே இருந்த எண்ணை மட்டும் இன்னொரு தடவை.

“வெண்டைக்காய்க்கு ஒடைச்சுப் பாத்து ஒரு ரூவா கொறைக்கிற ஆளு...” என்றாள் கடைசியில். குரல் சின்னதாகிவிட்டது. “டாக்டரு உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லாமயா முழு விலை குடுத்தீக?”

எதைச் சொன்னாலும் அவள் பயப்படத்தான் போகிறாள். விலை குறைத்தாலும் தப்பு, குறைக்காவிட்டாலும் தப்பு என்று ஒரு வியாபாரம் உண்டா என்ன? நர்ஸ் பேனாவை அவள் விரலுக்குள் செருகினாள். அவள் மறுக்காமல், கோணல்மாணலாக, தன் பெயரை எழுதினாள். பிறகு அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போங்க. போய்க் கேட்டுட்டு வாங்க.”

“என்னத்தை?”

“நூறு ரூவாயாச்சும் கொறைச்சுட்டு வாங்க. அம்பதுன்னாலும் சரி. எனக்காக.”

கீழே போனார். பணம் கட்டும் ஜன்னலில் வேறொரு பெண் இருந்தாள். ரசீதைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். பணம் திருப்பித் தர வேண்டாம், நூறு ரூபாய் தள்ளுபடி என்று ஒரு வரி மட்டும் எழுதித் தர முடியுமா, வேண்டுமானால் அந்த நூறையும் நானே இப்போது தந்துவிடுகிறேன் என்றார். அந்தப் பெண் மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னார். “சிஸ்டத்துல வராதுங்களே சார்” என்றாள். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னாள். அவர் நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது.

“மச்சான், ஆள் வந்தாச்சு, அக்காவைக் கொண்டு போறாக!” என்று பூமிநாதன் மாடிப்படியிலிருந்து கத்தினான்.

இரண்டு இரண்டு படியாக ஏறினார். தள்ளுபடுக்கை ஆபரேஷன் அறை வாசலுக்குப் போய்விட்டது. பச்சைப் போர்வைக்கு வெளியே அவள் முகம் மட்டும் தெரிந்தது. இவரைத்தான் தேடிக்கொண்டிருந்தது. கண்டதும் புருவத்தைத் தூக்கி, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

சேவுகப்பெருமாள் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

நூறா, ஆயிரமா என்று அவள் உதடு அசைந்தது. பதில் சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது.