பள்ளம் தெரியாத ஷாக்

அப்பாவின் பழைய பைக்குக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் வாங்க நாங்கள் மூவரும் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் புதுவகை ஜோடி ஒன்றை எடுத்து வைத்தார். "இதப் போட்டா பின்னாடி உக்கார்ற அக்காவுக்குப் பள்ளமே தெரியாதுங்க."

அப்பாவின் முகம் வாடியது. "சாதாரணமானதே போதும்."

"இடுப்பு ஒடியுதுன்னு நாந்தான மாத்தச் சொன்னேன்?" என்றாள் அம்மா.

எனக்குக் காரணம் தெரியும். அம்மா எப்போதும் சீட்டுக் கம்பியைத்தான் பிடிப்பாள். பள்ளம் வந்தால் மட்டும் கை அப்பாவின் தோளுக்குப் போகும். எங்கள் வீட்டுக்கு அப்பா ஒருநாளும் வண்டியை விடாத ஒரு நல்ல சாலையும் உண்டு என்பதே கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

"நல்லதையே போடுங்க தம்பி" என்ற அம்மா, அப்பா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "பள்ளம் இல்லாட்டியும் புடிச்சுக்கறேன், போதுமா?"

நான் ஆயில் டப்பாவில் எழுதியிருந்ததை மிகுந்த கவனத்துடன் படிக்கத் தொடங்கினேன். அப்பா அதற்குள் வண்டிச் சாவியைக் கடை வாசலில் இருந்த மெக்கானிக்கிடம் நீட்டியிருந்தார்.