நூற்றுப் பன்னிரண்டு தகடுகள்

பேராசிரியர் லிண்டனாவுக்கு எழுபது வயதாகப் போகிறது, ஒரு பாராட்டு மலர் வெளியிட வேண்டும் என்று இரசாயனப் பகுதி முடிவெடுத்தபோது, வேலை வந்து விழுந்தது சோதிலிங்கத்தின் தலையில். கொழும்பில் விரிவுரையாளராக இருந்துவிட்டு, ஒக்லாந்துக்கு வந்து ஆய்வுகூடத்தில் குடுவை கழுவி மானி திருத்துகிற மனிதர் அவர். ஆனால் அந்தக் கட்டடத்தில் கிழவர் லிண்டனாவைத் தவிர ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். மின்னிரசாயனத்தில் பட்டம் எடுக்க ஒருகாலத்தில் ஜெர்மன் கட்டுரைகளைத் தட்டுத்தடுமாறியாவது படித்தாக வேண்டும். அமிலம், ஈயம், மின்னோட்டம் என்றால் அவருக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. அதே மொழியில் கடையில் ஒரு துண்டுப் பாண் கேட்டு வாங்கிச் சாப்பிடத் தெரியாது.

மனமுவந்துதான் ஒப்புக்கொண்டார். காரணத்தை ஒளிப்பானேன்? எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்த பிறகு, மனைவி வசந்தமலரும் ஆறு வயது மகள் தர்சினியும் யாழ்ப்பாணத்தில் ஓர் உறவினர் வீட்டுப் பின்னறையில் ஒண்டியிருந்தார்கள். விசா விண்ணப்பம் பத்து மாதமாக அசையவில்லை. பெயருள்ள பேராசிரியர் ஒருவர் கடிதம் கொடுத்தால் கோப்பு நகரும் என்று குடிவரவு அலுவலகத்தில் ஒரு பெண் மெல்லச் சொல்லியிருந்தாள். லிண்டனாவைக் கேட்டார். தருகிறேன், மலர் வேலை முதலில் முடியட்டும் என்றார் கிழவர்.

கிழவரின் வாழ்க்கை எழுத எழுத நன்றாகத்தான் வந்தது. 1914இல் ஜெர்மனியில் ஒரு போதகரின் வீட்டில் பிறப்பு. இருபத்தாறு வயதில் கலாநிதிப் பட்டம். போர்க்காலத்தில், நீர்மூழ்கிகளுக்கு ஈயப் பற்றரி செய்த தொழிற்சாலையில் ஆய்வாளர். போர் முடிந்து ஐந்து வருடத்தில் கப்பலேறி ஒக்லாந்து. இங்கே இருபத்தொன்பது வருடம் படிப்பித்தார். நகரின் பென்ரோஸ் பகுதியில் முலாம் பூசுகிற எந்தப் பட்டறைக்குப் போனாலும் அவரிடம் படித்த ஒருவர் இருப்பார். ஓய்வு பெற்ற பிறகும் பல்கலைக்கழகத்தில் அவருக்கென்று ஓர் அறையை விட்டு வைத்திருந்தார்கள். ஆய்வுக் குறிப்பேட்டில் எதையும் மறைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நேர்மையான மனிதர் என்று சோதிலிங்கம் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்.

போர்க்காலக் குறிப்பேடுகள் மூன்றையும் கிழவரே தூக்கிக் கொடுத்தார். மூன்றாவதில் ஓர் அட்டவணை இருந்தது. முதலில் எண், அடுத்து எத்தனை வாரம், அதற்கடுத்து ‘பாவனைக்கு உதவாது, மாற்றப்பட்டது’ என்ற குறிப்பு. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. பற்றரித் தகடுகளின் ஆயுளைச் சோதித்திருக்கிறார் என்று சோதிலிங்கம் எடுத்துக்கொண்டார். மின்னிரசாயனம் படித்த எவரும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். தகடு தேயும், மாற்றுவார்கள். வரைபுத்தாளை விரித்து, வாரங்களைக் கீழேயும் எஞ்சிய தகடுகளைப் பக்கத்திலும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குறித்தார். எட்டாவது வாரத்தில் கோடு செங்குத்தாக இறங்கியது. மலரின் நடுப்பக்கத்தில் போடலாம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

எழுபத்தொன்பதாம் எண்ணுக்கு எதிரே, ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு சொல் இருந்தது. அவர் படித்த ஜெர்மனில் அந்தச் சொல் வந்ததே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினார். கர்ப்பம் என்று போட்டிருந்தது.

தகடு கர்ப்பமாகாது. அதுவரை தாண்டிப் போயிருந்த ஓரக் குறிப்புகளையெல்லாம் அகராதியோடு உட்கார்ந்து வாசித்தார். வாந்தி. கை நடுக்கம். கண் தெரியவில்லை. முகாமுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று.  வதைமுகாமிலிருந்து வேலைக்குக் கொண்டுவந்த நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் ஈயத் தூசிக்குள் நின்று தேய்ந்து விழுந்த வேகத்தை, தான் பென்சிலைக் கூராக்கி, அளவுகோல் வைத்து, அழகு பார்த்துக் கீறியிருக்கிறார். கிழவர் மேல் வந்த அருவருப்பு பாதி தன் கை மேலேயே வந்தது.

பின்னேரம் கிழவரின் அறைக்குப் போய், வரைபை மேசையில் வைத்து, இவை தகடுகள்தானா என்று கேட்டார். மறுப்பார், அழுவார், காலம் அப்படி என்பார், ஏதோ ஒன்று சொல்லுவார் என்றுதான் எதிர்பார்த்தார். கிழவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபை ஆசையோடு பார்த்தார்.

“பெண்கள்தான். முகாமிலிருந்து அனுப்புவார்கள். எத்தனை வாரம் தாங்குவார்கள் என்று தெரியாமல் உற்பத்தியைத் திட்டமிட முடியாதே,” என்றார். பிறகு, “எட்டாவது வார இறக்கத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. நன்றாக வரைந்திருக்கிறீர்கள்.”

மலரில் மட்டும் வேண்டாம், வெளியாட்களுக்கு இதெல்லாம் விளங்காது என்று சொல்லிவிட்டு, இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். குடிவரவு அலுவலகத்துக்கான கடிதம். கையொப்பமும் போட்டாயிற்று.

முகத்தில் விட்டெறிந்திருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். ஒனிஹங்காவில் தான் எடுத்திருந்த அறைக்குப் போகும் பஸ்ஸில் இவையெல்லாவற்றையும் சோதிலிங்கம் மனதுக்குள் திரும்பத் திரும்பச் செய்தார். கிழவரின் முன்னால் செய்தது, நன்றி சொல்லி இரண்டு கையாலும் வாங்கியதுதான். வரைபைக் கிழித்துப் போட்டார், ஏதோ பெரிய வீரம் போல. மலரில் ‘1942–45: ஈயப் பற்றரி ஆய்வு’ என்று ஒரே ஒரு வரி எழுதினார்.

ஏழு வாரத்தில் விசா வந்தது. அந்தப் பேராசிரியரின் பேரில் நல்லூர்க் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்ய வேண்டும், அவருடைய நட்சத்திரம் என்ன என்று வசந்தமலர் எழுதிக் கேட்டிருந்தாள். அவர் பதில் எழுதவில்லை. நட்சத்திரம் தெரியாமலே அவள் செய்வித்துவிட்டு வந்தாள்.

வந்திறங்கிய மூன்றாம் நாளே கிழவரைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவருக்குச் சுகமில்லை, பிறகு போகலாம் என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அப்படியென்றால் அந்தக் கடிதத்தை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்பாள். கேட்டால், பக்கத்தில் நிற்கிற பிள்ளையைத்தான் காட்ட வேண்டியிருக்கும். சட்டையை மாற்றிக்கொண்டு இருவரையும் கூட்டிப் போனார்.

கிழவர் தன் வீட்டு முன்னறையில் சாய்வுநாற்காலியில் இருந்தார். வசந்தமலர் கண்கலங்கி மகளை முன்னால் விட்டாள்.

“இந்த ஐயா இல்லாட்டி நாங்கள் இண்டைக்கு இல்லை. வடிவாக் காலைத் தொட்டுக் கும்பிடு, குஞ்சு.”

தர்சினி விழுந்து கும்பிட்டாள். ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம், சோதிலிங்கம் தடுக்கவில்லை. கிழவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றி அளந்தார். மெலிந்திருக்கிறாள், ஆனால் எலும்பு உறுதி, நல்ல வேலைக்காரியாக வருவாள் என்றார். ஜெர்மன் வாடையடித்த அந்த ஆங்கிலம் வசந்தமலருக்குப் பிடிபடவில்லை. ஐயா என்ன சொல்கிறார் என்று புருசனிடம் கேட்டாள்.

“ஆசீர்வதிக்கிறார்,” என்றார் சோதிலிங்கம்.