வராத கடைசிச் சுருள்

சினிமா என்றால் எனக்கு ஆகாது. அப்படிப்பட்ட நான் பரவை டூரிங் கொட்டகையில், திரைக்குப் பக்கத்தில் தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு இந்திப் படத்துக்குத் தமிழில் கதை சொல்லிக்கொண்டு நின்றேன். யுத்த காலம் அது. பிலிமுக்குத் தட்டுப்பாடு, புதுத் தமிழ்ப் படங்கள் எப்போதாவதுதான் வந்தன. கொட்டகைக்காரன் தவசி எங்கிருந்தோ ஒரு பம்பாய்ப் படத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். பரவையில் இந்தி தெரிந்தவன் எவனும் கிடையாது. மதுரையில் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்துகொண்டு இந்திப் பரீட்சை மூன்று பாஸ் செய்திருந்த என்னை, "ராஜாராமன் சாமி, நீங்கதான் காப்பாத்தணும்" என்று கையைப் பிடித்து இழுத்துவந்தான். நானும் வந்தேன். கர்வம்தான், வேறென்ன? என் இந்தியைக் கேட்க வீட்டில் ஒரு ஆள் கிடையாது.

படம் நல்ல படம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஜமீன்தார் மகளுக்கும் அவர் வீட்டுக் குதிரை வண்டிக்காரனுக்கும் காதல். அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வண்டியில் ஏறுகிற அழகுக்கே இன்னொரு தடவை பார்க்கலாம். பாட்டு வந்தால் ஜனங்கள் என்னைப் பார்த்து, "சாமி, சித்த நேரம் சும்மா இருங்க" என்று அதட்டினார்கள். பாட்டுக்கு என் தயவு வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை முதல் ஆட்டம். ஆண்கள் பக்கம் மணல் தரையில் கூட்டம். இடுப்பளவு மண் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள். முன்னால் போட்டிருந்த நாலு நாற்காலிகளில் ஒன்றில் நல்லகாமன் உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் பாசனத்தில் இருபது ஏக்கர், இரண்டு கிணறு, நாலு ஜோடி மாடு. பரவையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த மனுஷர் படம் பார்த்த விதத்தை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். வண்டிக்காரனை ஜமீன்தார் வெயிலில் வாசலில் நிற்கவைத்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அடேய், நீயெல்லாம் மனுசனாடா? எம்புட்டுச் சொத்து இருந்து என்னடா? பிள்ளைக கண்ணுல தண்ணி வருதே, தெரியலையாடா ஒனக்கு?"

கொட்டகையே சிரித்தது. அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் விவகாரம். ஜமீன்தார் மகளைப் பெரிய இடத்தில் கொடுக்க நிச்சயம் செய்கிறார். வண்டிக்காரன் கல்யாண வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறான். அந்தப் பெண் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். அத்தோடு திரை வெள்ளையாகிவிட்டது. தவசி ஓடிவந்து என் காதில், "கடைசிச் சுருள் வரலை சாமி. மதுரையில கேட்டா இம்புட்டுத்தான் இருக்குங்கிறாங்க. நீங்களே ஏதாச்சும் சொல்லி முடிச்சுவிடுங்க" என்றான்.

மதுரைக்குக் கடைசி பஸ் போக இன்னும் பத்தே நிமிஷம். பெட்ரோல் கிடைக்காத காலம், கரியை எரித்து அந்த வாயுவில் ஓடுகிற கரி பஸ் அது. விட்டால் விளாங்குடி வழியாக நடைதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழலைத் தூக்கி, "அந்தப் பெண் அப்பா சொன்ன மாப்பிள்ளையையே கட்டிக்கொண்டாள். வண்டிக்காரன் ஊரை விட்டுப் போய்விட்டான். சுபம்!" என்று கத்திவிட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். உலகத்தில் அப்படித்தானே முடிகிறது என்று பஸ்ஸில் எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமையும் அதே முடிவைச் சொன்னேன். திங்கள், செவ்வாயும். நல்லகாமன் தினமும் வந்தார். ஆனால் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் ஜமீன்தாரை ஒரு வார்த்தை திட்டவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, சந்தைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். இருபது வயசு இருக்கும், ஒரு பெண் வெண்டைக்காய்க் கூடையைக் கீழே வைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"சாமி, நான் நல்லகாமன் மக. ஜெயக்கொடி. ஒண்ணு கேக்கணும். அந்தப் படம் நெசமாவே நீங்க சொன்னபடிதான் முடியுதா?"

எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. "ஏன் கேட்கிறாய்?" என்றேன்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "எங்க தோட்டத்துக் கெணத்துல மாடு பூட்டிக் கமலையில தண்ணி எறைக்கிற ஆளு பேரு காளை. அது எங்க அத்தை மகன். எனக்கு முறை மாப்பிள்ளை. அத்தை பேரு சீனியம்மாள், எங்கப்பா கூடப் பொறந்தது. மாமா இருந்த நெலத்தையெல்லாம் வித்துத் தின்னுட்டுச் செத்துப் போச்சு. அதுலருந்து அப்பா அத்தையோட பேசுறதில்ல, பதினாறு வருசமா. காளை எங்க வீட்டுக் கூலியாளு. நானும் அதுவும்..." என்று கீழே இருந்த கூடையைப் பார்த்தாள். "சனிக்கிழமை அப்பா அந்த ஜமீன்தாரைத் திட்டினப்ப, சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து எம்புட்டு சந்தோசப்பட்டேன் தெரியுமா? நாளைக்கே சொல்லிரலாம்னு இருந்தேன். வீட்டுக்கு வந்து அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'படத்துலயே அப்படித்தான முடிஞ்சுச்சு. பெத்தவன் பார்த்துக் குடுக்கிறதுதான் சரி'ன்னாரு. கப்பலூர்லருந்து வெள்ளிக்கிழமை பரிசம் போட வாராங்க."

ஒரு பஸ்ஸுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன்.

"அம்மா, கடைசிச் சுருளே வரலை. முடிவு எனக்குத் தெரியாது. நானாகச் சொன்னேன். இன்றைக்கே மாற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜமீன்தார் மனம் மாறி, தானே கல்யாணம் செய்துவைத்தார் என்று ஜோராகச் சொல்கிறேன், பார்" என்றேன்.

"வேண்டாம் சாமி." அவள் தலையை ஆட்டினாள். "ஒரு பொய்யை வச்சு அப்பா மனச மாத்தி, நான் அதுல போயி வாழணுமா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருங்க. அம்புட்டுத்தான். பெறகு அப்பாவா என்ன நெனைக்கிறாரோ, அது போதும்."

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று பரீட்சை பாஸ் செய்த என்னைவிட அவளுக்கு நியாயம் தெரிந்திருந்தது.

அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'இந்தி சாமி' என்று ஊரே மரியாதையாகக் கூப்பிடுகிறது. அவர்கள் முன்னால் எப்படி எனக்குத் தெரியாது என்று சொல்வது? புதன்கிழமை தலைவலி என்று முடிவே சொல்லாமல் ஓடிப்போனேன். வியாழக்கிழமை ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் திரை வெள்ளையானதும் குழலைக் கீழே வைத்தேன். வெறும் வாயால் சொன்னேன்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். இந்தப் படத்தின் கடைசிச் சுருள் வரவே இல்லை. அந்தப் பெண் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதெல்லாம் என் வாய்க்கு வந்தது."

மணலை வாரி எறிந்தார்கள். பாதி என் தலையில். டீக்கடை சங்கிலி எழுந்து, "நாலு நாளா ஏமாத்துனீரா?" என்று கை ஓங்கினான். தவசி அவனை இழுத்துப் பிடித்தான். நான் நகரவில்லை. எனக்கு அந்த நாற்காலியைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நல்லகாமன் எழுந்து என்னிடம் வந்தார்.

"சாமி, அப்ப அந்தாளு பொண்ணைக் குடுத்தானா, இல்லையா?"

"தெரியாது."

"நெசமாவே தெரியாதா?"

"சத்தியமாகத் தெரியாது, நல்லகாமன். இனிமேல் நான் எதையும் கட்டிச் சொல்லமாட்டேன்."

அவர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் மெல்ல அடங்கியது. சனிக்கிழமை அவர் போட்ட சத்தம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. வெள்ளிக்கிழமை கப்பலூர்க்காரர்கள் வருவதும் ஊருக்கே தெரியும். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மண் சுவர் ஓரமாக நடந்தார். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், வெளுத்துப்போன சேலையில், ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நேரே போய் நின்றார்.

"சீனியம்மா."

அந்த அம்மாள் திடுக்கிட்டு எழுந்தாள். பதினாறு வருஷம் கழித்து அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"ஒம் மகனுக்கு முறைப் பொண்ணு எம் வீட்டுல இருக்கு. நீ ஏன் ஒரு நாளும் கேட்டு வரலை?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியாண்ணே?"

ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. நானாக இருந்தால் 'ஏன் கொடுக்கமாட்டேன்' என்று மழுப்பியிருப்பேன்.

"மாட்டேன்," என்றார் நல்லகாமன். "ஒன்னையவும் வாசல்லயே நிக்க வச்சிருப்பேன். அந்தப் பயலை அம்புட்டுத் திட்டுனேனே, நானும் அவன்தான் தாயி." துண்டு மறுபடி கண்ணுக்குப் போயிற்று. "கப்பலூர்க்காரங்க காலுல விழுந்தாவது நான் பதில் சொல்லிக்கிறேன். நாளைக்கு வா. வந்து கேளு."

கூட்டத்தில் ஜெயக்கொடியைத் தேடினேன். அத்தைக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சீனியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். அந்த இடுப்பளவு மண் சுவரைக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினாள். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். அண்ணனுக்கு முன்னால், மணலில், நிமிர்ந்து நின்றாள்.

"நாளைக்கு என்னத்துக்கு? இப்பவே கேக்குறேன். எம் மகன் காளைக்கு ஒம் பொண்ணைக் குடுண்ணே."